இரவில் சைக்கிள் ஓட்டி நன்கொடை திரட்டுவது வீண் செலவா? (திருவான்மியூர் – மாமல்லபுரம்)

10 டிசம்பர் 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் குடியிருப்பில் சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டி, அதன் பெயரில் நன்கொடை திரட்டப் போவதாகச் சொல்கிறார்கள். மிக்ஜாம் வெள்ளம் வடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; கொடுக்க நினைப்பவர் இன்றே கொடுக்கலாம். பனியன், பதக்கம், பதாகை, வேன் வாடகை என்று செலவழிக்கிற பணத்தை அப்படியே கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கினால் எல்லோருக்கும் நல்லதல்லவா? நடத்தி அனுபவப்பட்டவர்கள் பதில் சொல்லவும்.

11 டிசம்பர் 2023, இப்படியொரு பயணத்தை ஏற்பாடு செய்து வருபவரின் பதில்

பனியனும் பதக்கமும் வீண் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "அப்படியே கொடுத்துவிட்டால் என்ன" என்ற வாதம் காகிதத்தில்தான் வெல்கிறது. கொடுக்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் வந்து, "சனிக்கிழமை ராத்திரி மாமல்லபுரம் வரைக்கும் மிதிக்கப் போகிறேன், நீ என்ன தருகிறாய்" என்று நேருக்கு நேர் கேட்கும்போதுதான் கை சட்டைப் பைக்குப் போகிறது. மிதிப்பவரின் கால்வலிக்கும் நன்கொடை போய்ச் சேரும் இடத்துக்கும் தர்க்கப்படி ஒரு தொடர்பும் கிடையாது. தர்க்கம் பார்த்துக் கொடுப்பவர்களை நான் அதிகம் சந்தித்ததும் கிடையாது.

நாங்கள் ஏற்பாடு செய்து வரும் பயணம், புறநகர் அரசு மருத்துவமனை ஒன்றில் நோயாளிக்குத் துணையாக வந்து வாசலில் படுத்துக் கிடப்பவர்களுக்கு இரவுத் தங்குமிடம் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்காக. இது வெள்ள நிவாரணம் அல்ல. நிவாரணத்துக்கு இன்றே கொடுங்கள், அதற்கு யாரும் சைக்கிளை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

14 டிசம்பர் 2023

சைக்கிளை வைத்து இரவில் காசு திரட்டுவது நகரத்து வசதிக்காரர்களின் புதுப் பழக்கம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுபது, எண்பதுகளில் கிராமத்தில் வளர்ந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஊர்ப் பொட்டலில் வட்டமாகக் கயிறு கட்டி, நடுவில் கம்பம் நட்டு, குழல்விளக்கும் ஒலிபெருக்கியும் வைத்து, ஒரே ஆள் கீழே கால் ஊன்றாமல் நாள்கணக்கில் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருப்பார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே நடக்கும். எங்கள் ஊருக்கு வந்தவர், ஓடிக்கொண்டே குடத்தை எட்டி வாங்கித் தலையில் ஊற்றிக்கொள்வார். அவர் சட்டையில் ஊர்க்காரர்கள் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகள் நனையாமலிருக்க, அதற்கு முந்தைய இரண்டு சுற்றுக்குள் அவருடைய மனைவி கூடவே ஓடி ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவார். பகலில் கூட்டம் சேராது. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகுதான், ஆள் தூங்கி விழுவாரா மாட்டாரா என்று பார்க்க ஊரே வந்து உட்காரும், வசூலும் அப்போதுதான் ஏறும்.

அவர் தம் குடும்பத்துக்காக வாங்கினார், நாங்கள் வேறொருவருக்காக வாங்குகிறோம். மற்றபடி முறை ஒன்றுதான். இன்னும் சொல்லப்போனால் அவருடைய கணக்கு எங்களுடையதைவிட வெளிப்படையானது. வசூல் முழுவதும் சட்டையிலேயே தெரிந்தது.

18 டிசம்பர் 2023

கணக்கைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. இந்த முறை இரண்டு பணத்தையும் ஒன்றோடொன்று கலக்கப் போவதில்லை. பங்கேற்பவர் கட்டும் 600 ரூபாய், வேன், காப்பீடு, சிற்றுண்டி, திரும்பி வரும் லாரி ஆகியவற்றுக்கு மட்டும். நன்கொடையாளர் தரும் பணம் எங்கள் கைக்கே வராது. அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு எண்ணும் க்யூஆர் குறியீடும் பங்கேற்பவரிடம் இருக்கும், அவர் அதைத் தம் உறவினர்களுக்கு அனுப்பிக்கொள்ளலாம். ஏற்பாட்டாளர் கையில் நன்கொடைப் பணம் ஒரு நாள் தங்கினாலும் அதில் பத்துப் பேருக்குச் சந்தேகம் வரும், அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்லவும் முடியாது.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்கிவிட்டுப் பயணம் முடிந்தபின் வசூலிக்கும் முறையை இனித் தொடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கும் உற்சாகம் புதன்கிழமைக்குள் தேய்ந்துவிடுகிறது. கொடுத்த வாக்கை நினைவுபடுத்துவது கடன் வசூலைவிடக் கூச்சமான வேலை.

வரிச்சலுகை பற்றி இரண்டு செய்திகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, ஆகவே வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே பொருந்தாது. பங்கேற்புக் கட்டணம் நன்கொடை அல்ல. அதற்கு ரசீது கேட்டு அறக்கட்டளைக்காரர்களை நச்சரிக்க வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எந்த நாட்டில் இருந்தாலும் அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யாத அறக்கட்டளை அதைத் தொடக்கூடாது. எங்கள் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இல்லை. அத்தை மகனை ஊருக்கு வரும்போது சைக்கிள் ஓட்டச் சொல்லுங்கள்.

2 ஜனவரி 2024

தேதி. எல்லோரும் பௌர்ணமி கேட்கிறார்கள். ஜனவரிப் பௌர்ணமி 25ஆம் தேதி தைப்பூசத்தன்று வருகிறது, மறுநாள் வெள்ளிக்கிழமை குடியரசு நாள், அதைத் தொட்டு சனியும் ஞாயிறும். நீண்ட விடுமுறையில் அந்தச் சாலையில் காரில் போவதே தண்டனை. ஆகவே பிப்ரவரி 24, சனிக்கிழமை, முழு நிலவு. கையில் பழம் விழுந்த மாதிரி அமைந்திருக்கிறது.

4 ஜனவரி 2024

பழம் விழவில்லை. மாமல்லபுரத்தில் வசிக்கும் நண்பர் நேற்று என் குறிப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அன்னைக்கு மாசி மகம்யா, தெரியுமா தெரியாதா" என்றார். மாசி மகத்துப் பௌர்ணமிக்கு இருளர் மக்கள் பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, புடவையாலும் தழையாலும் சிறு கூடாரம் போட்டு மணலிலேயே இரவு தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனை வழிபடுவார்கள்; நிச்சயதார்த்தமும் திருமணமும் அங்கேயே நடக்கும். ஆண்டு முழுவதும் அவர்கள் எதிர்பார்த்திருக்கும் இரவில் நாங்கள் தலைக்கவசமும் மினுக்கும் விளக்குமாகப் போய் இறங்கி அங்கே படம் எடுத்துக்கொண்டு நிற்பது முறையல்ல. சாலையிலும் வேன்களும் நடந்து வருபவர்களுமாக நெரிசல் இருக்கும். பிப்ரவரி 24 இல்லை.

5 ஜனவரி 2024

நிலவைப் பற்றி உட்கார்ந்து யோசித்ததில் எனக்கே ஒன்று புலப்பட்டது. பௌர்ணமி நிலவு பொழுது சாயும்போதே எழுந்துவிடுகிறது. நாம் சைக்கிளில் ஏறும் நேரத்தில் அது மேற்கே சரிந்துவிடும். வளர்பிறைப் பாதி நிலவு அதைவிட மோசம், நள்ளிரவோடு மறைந்துவிடும். நமக்கு வேண்டியது தேய்பிறை. மார்ச் 2, சனிக்கிழமை இரவில் பாதி நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும், விடியும்வரை நிற்கும். தெற்கு நோக்கிப் போகும் சாலையில் கடல் இடப்பக்கம் இருப்பதால், நிலவும் முன்னால் இடப்பக்கமாகவே வந்துகொண்டிருக்கும்.

லண்டனில் இருக்கும் நண்பர் ஒருவர், அங்கே ஹாக்னியிலிருந்து சஃபோக் கடற்கரையிலுள்ள டன்விச் வரை ஏறக்குறைய 180 கிலோமீட்டர் இரவெல்லாம் ஓட்டும் பயணம் ஜூலைப் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமையில்தான் நடக்கிறது என்று எழுதுகிறார். அங்கே ஜூலை இரவு நமக்கு ஒரு தூக்கம் போடுவதற்குள் விடிந்துவிடும், அவர்களுக்கு எந்த நிலவும் போதும்.

புறப்படும் நேரமும் இதோடு முடிவாகிறது. இரவு 11 மணிக்குக் கிளம்பலாம் என்பவர்கள் சனிக்கிழமை இரவு அந்தச் சாலையைப் பார்த்ததில்லை. விருந்து முடிந்து திரும்பும் கார்களும் பந்தயம் விடும் மோட்டார் சைக்கிள்களும் ஒன்றரை மணிவரை ஓயாது. அதிகாலை 2 மணிக்குத் திருவான்மியூரில் புறப்பட்டால், சுமார் 45 கிலோமீட்டரை நிதானமாக, இரண்டு இடங்களில் நின்று கடந்தாலும், ஆறேகாலைத் தாண்டிச் சூரியன் எழும்போது மாமல்லபுரத்தில் இருக்கலாம்.

6 ஜனவரி 2024

"அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கலாமா" என்று கேட்ட பெரியவருக்கு: பஞ்சாங்கம் பார்த்துவிட்டேன் ஐயா. நாம் ஊர் சேரும்வரை சப்தமி இருக்கிறது. காலைச் சிற்றுண்டி முடியும்போதுதான் அஷ்டமி தொடங்குகிறது.

12 ஜனவரி 2024

சாலையை மூடச் சொல்லி யாரிடமும் கேட்கப் போவதில்லை. அறுபது பேர் ஓட்டுவதற்கு ஒரு மாநிலச் சாலையை மூடச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம், கேட்டாலும் கிடைக்காது. ஆனால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இந்த வழியில் முதலில் சென்னை மாநகரக் காவல், அப்புறம் தாம்பரம் மாநகரக் காவல், கடைசியில் செங்கல்பட்டு மாவட்டக் காவல் என்று மூன்று எல்லைகள் வருகின்றன. ஒரு கடிதத்தை ஓர் இடத்தில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கடிதத்தில் எத்தனை பேர் என்பது, நேரம், நிற்கும் இடங்கள், பொறுப்பாளரின் கைப்பேசி எண், ஒலிபெருக்கி கிடையாது என்ற உறுதி ஆகியவை போதும். "மாபெரும் விழிப்புணர்வுப் பேரணி" என்று எழுதாதீர்கள், பேரணி என்ற சொல்லைப் பார்த்ததும் கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும்.

21 ஜனவரி 2024

விளக்கு. ஒளிரும் பச்சைச் சட்டை வாங்கிவிட்டோம், போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. அந்தப் பச்சையும் ஆரஞ்சும் பகலில், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரால் மினுங்குபவை. இரவில் அவை வெறும் துணி. இரவில் வேலை செய்வது அந்தச் சட்டையில் தைத்திருக்கும் சாம்பல் நிறப் பட்டை, கார் விளக்கின் வெளிச்சத்தை அப்படியே காருக்கே திருப்பி அனுப்புவது அதுதான். அதிலும் முதுகில் இருக்கும் பட்டையைவிடக் கணுக்காலில் கட்டும் பட்டை மேல். மேலும் கீழுமாக அசையும் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும், பின்னால் வரும் ஓட்டுநருக்கு அங்கே ஒரு மனிதர் மிதித்துக்கொண்டிருக்கிறார் என்பது உடனே புரிந்துவிடும். அசையாத புள்ளியாக இருந்தால் அதை மைல்கல் என்றும் நினைக்கலாம்.

குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய, "பிரெவே" எனப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் இரவில் முன்விளக்கு, பின்விளக்கு, பிரதிபலிப்புச் சட்டை மூன்றும் கட்டாயம், இல்லாவிட்டால் ஆளையே விடமாட்டார்கள். அந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்கிறோம். பின்விளக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு. இது என் பிடிவாதம். முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. கூட்டத்துக்குள் மினுக்கும் விளக்கு வேண்டாம், நிலையாக எரியட்டும். முன்னால் போகிறவரின் மினுக்கலை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு வருபவர் கண்ணும் தலையும் நொந்துபோவார்.

டைனமோ காலத்து ஆட்கள் சிலர் பழைய நினைவுகளில் இறங்கிவிட்டார்கள். விளக்கில்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் எனக்கும் தெரியும், ஆண்டுதோறும் பஞ்சாயத்தில் வரி கட்டிச் சைக்கிளுக்கு வாங்கிய தகர வில்லையும் தெரியும். அவற்றைத் தனியாகப் பேசுவோம். டைனமோ நின்றால் விளக்கும் நிற்கும் என்பதால் அதை மட்டும் நம்பி வருபவர்களைச் சேர்க்க முடியாது.

29 ஜனவரி 2024

பத்துப் பத்துப் பேராகக் குழு, குழுவுக்குக் குழு ஐந்து நிமிட இடைவெளி. முன்னால் வழி தெரிந்த ஒருவர், கடைசியில் பம்பும் கருவிகளும் வைத்திருக்கும் ஒருவர். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். வேகமாக ஓட்டத் தெரிந்தவரை முன்னால் விடுவதுதான் வழக்கம். நான் அவர்களைத்தான் கடைசியில் போடுகிறேன். பஞ்சர் ஒட்டிவிட்டுக் குழுவை எட்டிப்பிடிக்கும் கால் அவர்களுக்குத்தான் இருக்கிறது.

இருட்டில் கைச் சைகை தெரியாது. "குழி", "மணல்", "வண்டி", "நிற்கிறோம்" என்ற நான்கு சொற்களை முன்னால் இருப்பவர் சொல்ல, ஒவ்வொருவரும் பின்னாலிருப்பவருக்குக் கடத்த வேண்டும். ஆகவே காதில் பாட்டுக் கேட்கும் கருவி கூடாது.

31 ஜனவரி 2024

கூட்டத்துக்குப் பின்னாலேயே விளக்கை மினுக்கிக்கொண்டு வேன் வரட்டும் என்று கூட்டத்தில் பேசி வைத்திருந்தோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு மாற்றுகிறேன். எண்பதில் வண்டிகள் வரும் சாலையில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊரும் வேன், அதுவே ஓர் ஆபத்து; அதை முந்த நினைக்கும் லாரி சைக்கிள்காரர்கள் இருப்பதை வேனைத் தாண்டிய பிறகுதான் பார்க்கும். வேன் முன்னால் போய், குறித்த இடங்களில் சாலையைவிட்டு இறக்கி நிறுத்திக் காத்திருக்கும். ஒவ்வொரு குழுவின் கடைசி ஆளும் அங்கே தலையைக் காட்டிப் பெயர் சொன்ன பிறகுதான் அது அடுத்த இடத்துக்கு நகரும்.

6 பிப்ரவரி 2024

இந்த இழையில் இவ்வளவு பேர் எழுதியும் கழிப்பறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெண்கள் ஏன் குறைவாகப் பதிவு செய்கிறார்கள் என்று மட்டும் மூன்று பேர் வியந்திருக்கிறார்கள். பதிவு செய்யலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்ட பெண்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்டது இதைத்தான். முந்தைய பயணம் ஒன்றில் வந்த தோழி, வழியில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டு, கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கால் நரம்பு இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதை நீர்ச்சத்துக் குறைவு என்று எல்லோரும் சொன்னோம், காரணம் அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை, குடிநீர், காற்று ஆகியவை இலவசமாகத் தரப்பட வேண்டும். ஆனால் அதிகாலை 3 மணிக்குக் கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். ஆகவே வழியில் இரண்டு பங்குகளில் முன்கூட்டியே போய்ப் பேசி, அந்த இரவு வேலையில் இருக்கப்போகிறவர் யார் என்று கேட்டு, அவரையே நேரில் பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறோம். முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டு இரவுப் பணியாளரிடம் சொல்லாமல் விட்டால் பயன் இல்லை. வாளியும் சோப்பும் ஒரு கை விளக்கும் நாங்களே கொண்டுபோகிறோம், திரும்பும்போது கழுவிவிட்டு வருவதும் நம் பொறுப்பு. இந்த விவரத்தை அறிவிப்பில் சேர்த்த பிறகு வந்த பதிவுகளைப் பாருங்கள்.

11 பிப்ரவரி 2024

நேற்றிரவு அதே நேரத்தில், அதே சனிக்கிழமையில், நாங்கள் சிலர் மட்டும் போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தோம். பகலில் பார்த்து எழுதி வைத்த குறிப்பில் பாதியைக் கிழித்துப் போடலாம்.

அக்கரை வரைக்கும் சாலை அகலப்படுத்தும் பணிக்காகத் தோண்டிய பள்ளங்களின் ஓரத்தில் வைத்திருக்கும் தடுப்புகள் பகலில் பளிச்சென்று தெரிகின்றன. இரவில் எதிரே வரும் கார் விளக்கில் கண் கூசும்போது அவை காணாமல் போகின்றன. உத்தண்டி சுங்கச்சாவடியில் இடக்கோடி வழியாகப் போவது எளிது, ஆனால் வேகத்தடைகள் இருக்கின்றன. முட்டுக்காட்டுப் பாலத்தில் இரும்பு இணைப்புப் பட்டைகளைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும், ஒடுக்கமான டயர் வைத்திருப்பவர்கள் சாய்த்து ஓட்டினால் சறுக்கும். கோவளம் திருப்பத்தில் நாய்கள். அவற்றை வேகமாக ஓட்டித் தப்பலாம் என்று நினைப்பவரைத்தான் அவை துரத்துகின்றன; இறங்கிச் சைக்கிளை நமக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து நடந்தால் இரண்டு குரைப்போடு அலுத்துப் படுத்துவிடுகின்றன. வடநெம்மேலி முதலைப் பண்ணையைத் தாண்டி, பட்டிபுலம் பக்கம் கடற்காற்று ஏற்றிய மணல் சாலையின் இடது ஓரத்தில் மெல்லிய விரிப்பாகக் கிடக்கிறது. பகலில் அது சாலையின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும், இரவில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒரே வெளுப்பு.

மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் எங்களில் ஒருவர் ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்தார். ஆகவே கோவளத்துக்கு அப்புறம் ஒரு நிறுத்தம் கட்டாயம்: சுக்குக் காப்பி, வாழைப்பழம், கடலை மிட்டாய். இட்லி கொடுக்கலாம் என்ற யோசனையைத் தள்ளிவிட்டோம், அந்த நேரத்தில் வயிறு நிறைந்தால் கண் சொக்கும்.

19 பிப்ரவரி 2024

அறுபதோடு பதிவை மூடிவிட்டோம். பதினெட்டு வயதுக்குக் கீழே இல்லை, தலைக்கவசம் இல்லாதவர் இல்லை, சிபாரிசும் இல்லை. பிளஸ் டூ தேர்வு மார்ச் 1ஆம் தேதி தொடங்குகிறது. ஆகவே வீடுகள் இருக்கும் பகுதியில் கூச்சலும் மணியடிப்பும் கூடாது.

26 பிப்ரவரி 2024

பஞ்சர் விஷயத்தில் பலரும் மறக்கும் ஒன்று, காற்றடிக்கும் வாய். விலை உயர்ந்த ரேஸ் சைக்கிள்களில் ஒல்லியான பிரெஞ்சு வால்வு, மலைச் சைக்கிள்களில் மோட்டார் சைக்கிளைப் போன்ற வால்வு, நம் பழைய கறுப்புச் சைக்கிளில் வால்டியூப். மூன்றும் வரப்போகின்றன. நவீனப் பம்பு வைத்திருப்பவருக்கு வால்டியூப் என்றால் என்னவென்றே தெரிவதில்லை. இரண்டு அங்குல ரப்பர்க் குழாய், இரண்டு ரூபாய்ச் சாமான், அது கிழிந்துவிட்டால் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பம்பும் உதவாது. மூன்றுக்கும் வேண்டியதை வேனில் வைக்கிறோம்.

விபத்து ஏற்பட்டால் 108. தமிழ்நாட்டுச் சாலையில் அடிபடுபவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தின் உச்சவரம்பு வரைக்கும், "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் நம் வழிக்கு அருகில் இருப்பவற்றின் பட்டியலைக் குழுத் தலைவர்கள் காகிதத்தில் வைத்துக்கொள்ளவும். அந்த நேரத்தில் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

4 மார்ச் 2024

எல்லோரும் போய்ச் சேர்ந்தோம், எல்லோரும் வீடு திரும்பினார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

புறப்பாடு இருபது நிமிடம் தாமதம். பின்விளக்கை வீட்டில் மின்னூட்டாமல் வந்தவர்கள் இருந்தார்கள். வேனில் வைத்திருந்த உபரி விளக்குகள் கிளம்புவதற்கு முன்பே தீர்ந்தன. நீலாங்கரையில் ஒரு கார் எங்களை ஒட்டி ஓட்டி, கண்ணாடியை இறக்கி, ஊளையிட்டுவிட்டுப் போனது. முட்டுக்காடு வரைக்கும் தெரு விளக்கும் கடை வெளிச்சமும் இருந்ததால் இரவுப் பயணம் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. கோவளம் தாண்டியதும் வெளிச்சம் விட்டுப்போயிற்று. அதுவரை கதை பேசிக்கொண்டு வந்தவர்கள் தாமாகவே வாயை மூடிக்கொண்டார்கள். செயின் ஓடும் ஓசையும், முன்னாலிருந்து ஒவ்வொரு வாயாகக் கடந்து வரும் "மணல்… மணல்…" என்ற குரலும்தான் கேட்டன.

அந்தக் குரலையும் மீறி, பட்டிபுலத்துக்கு அருகில் நான்காவது குழுவில் ஒருவர் சறுக்கி விழுந்தார். முழங்கையும் முட்டியும் தேய்ந்தன, எலும்புக்கு ஒன்றுமில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு சைக்கிள் தூரம் விட்டு வந்ததால் அவர்மேல் யாரும் ஏறவில்லை. அவர் வேனில் ஏற மறுத்தார். குழுத் தலைவியாக இருந்த பெண் அவரைவிட இளையவர், "ஏறுங்க அண்ணா, சைக்கிள் எங்கேயும் போயிடாது" என்று சொல்லிச் சைக்கிளைத் தாமே தூக்கி வேனில் வைத்துவிட்டார். வாதத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

கடைசிக் குழு சாளுவன்குப்பத்துப் புலிக்குகைத் திருப்பத்தில் இருந்தபோதே சூரியன் எழுந்துவிட்டது. அவர்கள் கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். முன்னதாக வந்து சேர்ந்தவர்கள் அவர்களுக்காகக் காத்திருந்ததில் தூங்கிவிட்டார்கள், ஆகவே படத்தில் இல்லை.

திரும்புவதைப் பற்றித்தான் எனக்குத் தொடக்கத்திலிருந்தே பயம். தூங்காத உடம்போடு ஞாயிற்றுக்கிழமை வெயிலில், கார்கள் நிறைந்த சாலையில், மறுபடியும் 45 கிலோமீட்டர் மிதிப்பதைத் தடுத்துவிட்டோம். சைக்கிள்கள் நான்கு குட்டியானைகளில் அட்டையும் பழைய போர்வையும் இடையில் வைத்துக் கட்டி வந்தன, ஆட்கள் பேருந்தில். ஆனால் திருவான்மியூரில் இறங்கியதும் பலர் தம் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினார்கள். அந்த இரவின் மிக ஆபத்தான பகுதி அதுதான். அடுத்த முறை பதிவுப் படிவத்திலேயே "உங்களை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவார்" என்று கேட்கப் போகிறேன்.

6 மார்ச் 2024

குட்டியானைக்கும் பேருந்துக்கும் ஆன செலவைப் பார்த்துவிட்டு, முதல் கேள்வி கேட்டவர் "நான் அப்போதே சொன்னேனே" என்கிறார். சொன்னீர்கள். கட்டணமாக வந்ததில் கொஞ்சம் துண்டு விழுந்தது, ஏற்பாட்டாளர்கள் பங்கு போட்டுக் கட்டினோம். ஆனால் நன்கொடையிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் இதற்குமுன் அந்தத் தங்குமிடத்தின் பெயரையே கேள்விப்பட்டிராதவர்கள். இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மாதந்தோறும் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செலவைக் கழித்துப் பார்த்தால் லாபமா என்ற கணக்கில் நீங்கள் இன்னும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதில் நானும் முழுவதும் தெளிவாக இல்லை.

17 மார்ச் 2024

இன்று மாலை நடக்கவிருந்த பாராட்டுக் கூட்டம் ரத்து. நேற்று மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள், நடத்தை விதிகள் வந்துவிட்டன. தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருந்த உள்ளூர்ப் பிரமுகர் இனி மேடை ஏறினால் நமக்கும் தொல்லை, அவருக்கும் தொல்லை. நன்கொடைதான் ஏற்கெனவே அறக்கட்டளைக் கணக்கில் இருக்கிறதே, மேடையில் கொடுக்க என்ன இருக்கிறது என்று நான் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். படத்துக்காக ஆறடி நீளத்தில் தெர்மாகோல் காசோலை ஒன்று செய்து வைத்திருந்தார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் பறக்கும் படை கணக்குக் கேட்கும் நேரம் இது. இந்தக் காசோலையை ஆட்டோவில் ஏற்றிப் போனால் என்ன சொல்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசைதான். செய்தவர் வீட்டு மொட்டைமாடியில் இப்போது அதன்மேல் வடகம் காய்கிறது.

2 ஜூன் 2024

80ஜி சான்றிதழ் எங்கே என்று கேட்பவர்களுக்கு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று வருமான வரித் துறைக்குச் சொல்லும் 10பிடி அறிக்கையை அறக்கட்டளை மே 31ஆம் தேதிக்குள் தாக்கல் செய்துவிட்டது. ஆனால் நம் நன்கொடைகளில் அதில் வருவது மார்ச் 31 வரை சேர்ந்தவை மட்டும். ஏப்ரலில் அனுப்பியவர்களுக்கு அடுத்த ஆண்டுதான். யுபிஐயில் பணம் அனுப்பிவிட்டுப் பெயர், முகவரி, பான் எண் எதுவும் தராதவர்கள் சிலர் இருக்கிறார்கள்; குறிப்பில் "சைக்கிள் மாமாவுக்காக" என்று மட்டும் எழுதியிருப்பவருக்கு யார் பெயரில் சான்றிதழ் எழுதுவது? அறக்கட்டளைக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புங்கள். எங்களிடம் அந்தப் பட்டியல் இல்லை, இருக்கவும் கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குழு, பிரதிபலிப்புச் சட்டைகளையும் கணுக்கால் பட்டைகளையும் இரவல் கேட்டிருக்கிறது. தரலாம், துவைத்துத் திருப்பித் தர வேண்டும், முன்பணம் 2,000 ரூபாய். வால்டியூப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழியில் ஏற்றம் அதிகம் என்பதால் பத்துப் பேர் குழு சரிவராது, ஆறு பேராக வைத்துப் பாருங்கள். முதலில் அதே கிழமையில், அதே நேரத்தில், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒருமுறை போய்விட்டு வந்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.